முகத்துக்கு ஏற்ற லென்ஸ்: தூரம் முதலில், எஃப் எண் பிறகு

கடையில் போர்ட்ரெய்ட் லென்ஸ் வேண்டும் என்று கேட்டால் முதலில் மேசைமேல் வருவது 50 மி.மீ. எஃப் 1.8. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் 85 மி.மீ. எஃப் 1.8. கல்யாண வேலை செய்கிறேன் என்றால் எஃப் 1.4. எண் குறையக் குறைய விலை ஏறும். எண் குறைந்தால் படம் அழகாகும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்த்தே விற்கப்படுகிறது. இந்த அத்தியாயத்தில் நாம் வேறு வரிசையில் போகப்போகிறோம். யாரை, எந்த இடத்தில், எவ்வளவு தள்ளி நின்று எடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அது தெளிந்தால் எத்தனை மி.மீ. என்பது தானாகவே தெளியும். எஃப் எண்ணைப் பற்றி அதற்கப்புறம் பேசினால் போதும்.

பெரிய துளையுள்ள, அதாவது எஃப் எண் குறைந்த, லென்ஸின் தேவை புகைப்படக் கலை பிறந்த உடனேயே எழுந்தது. 1839இல் டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது இருந்த லென்ஸ்களில் வெளிச்சம் மிகக் குறைவாகவே நுழைந்தது. கட்டடத்தை எடுக்கலாம், மரத்தை எடுக்கலாம். மனிதரை எடுக்க வேண்டுமானால் அவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். 1840இல் வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் கணக்குப் போட்டு வடிவமைத்த லென்ஸின் துளை ஏறத்தாழ எஃப் 3.6. ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் அதைத் தயாரித்தது. உட்காரும் நேரம் பல மடங்கு சுருங்கியது, முகப்படம் ஒரு தொழிலானது. அந்த லென்ஸில் நடுப்பகுதி மட்டும்தான் கூர்மை, ஓரங்கள் குழைந்துபோகும். முகத்துக்கு அது பொருந்தியும் போனது. வெளிச்சத்துக்காகப் பிறந்த பெரிய துளை, பின்னணியைக் கரைக்கும் கருவியாகவும் ஆனது அப்படித்தான்.

இன்றும் அந்த இரண்டு காரணங்கள்தான். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ், 55 மி.மீ. முனையில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் எஃப் 1.8 என்றால் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம். மாலையில் வீட்டு ஹாலில், ஐ.எஸ்.ஓ. 1600இல், கிட் லென்ஸ் 1/15 நொடி கேட்கிற இடத்தில் இது 1/150 நொடியில் முடித்துவிடும். 1/15இல் சிரிக்கிற குழந்தையின் முகம் நிச்சயம் கலங்கும். 1/150இல் நிற்கும். வெளிச்சத்தின் கதை இவ்வளவுதான். பின்னணியின் கதை இன்னும் நீளம்; அங்கேதான் பணம் வீணாகிறது.

எங்கே நிற்கப்போகிறீர்கள்?

முகத்தின் வடிவத்தை லென்ஸ் மாற்றுவதில்லை, தூரம் மாற்றுகிறது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழம் சுமார் 12 செ.மீ. கேமரா 60 செ.மீ. தள்ளி இருந்தால் மூக்கு, காதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக விழும். அப்படி எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினால் “என் மூக்கு இவ்வளவு பெரிசா?” என்பார். 180 செ.மீ., அதாவது ஆறடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் ஏழு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நாம் எதிரே நின்று பேசும்போது பழகிய முகம் அப்போதுதான் படத்தில் வரும். ஆகவே ஐந்தடியிலிருந்து எட்டடிக்குள் நின்று, தோள்வரை ஃபிரேமை நிரப்பக்கூடிய லென்ஸே போர்ட்ரெய்ட் லென்ஸ். 85 என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் அந்தத் தூரத்திலிருந்து அந்த ஃபிரேமை அது தருகிறது, அதனால் பெயர் பெற்றது.

உங்களிடம் இருப்பது கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600 போன்ற க்ராப் பாடி என்றால் கணக்கு மாறும். கேனானில் 1.6ஆலும் நிக்கானில் 1.5ஆலும் பெருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் 80 அல்லது 75 போலப் பார்க்கும், 85 மி.மீ. லென்ஸ் 136 அல்லது 128 போலப் பார்க்கும். பெருக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை அடிக்கணக்கில் யாரும் சொல்வதில்லை, ஆனால் வாங்குமுன் தெரிய வேண்டியது அந்த அடிக்கணக்குதான்.

க்ராப் பாடியை நெட்டாகப் பிடித்துத் தலையும் தோளும் எடுக்க, 50 மி.மீ.க்கு ஏறத்தாழ ஐந்தடி தேவை, 85 மி.மீ.க்கு எட்டடி. நின்றபடி முழு உருவம் வேண்டுமென்றால் 50க்குப் பதினைந்து அடி, 85க்கு இருபத்தைந்து அடி. இப்போது உங்கள் ஹாலை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சோஃபாவும் டிவி ஸ்டாண்டும் போக, எடுப்பவர் சுவரோடு ஒட்டிக்கொண்டாலும் எட்டடி மிஞ்சுமா? ஆள் சுவரை விட்டு முன்னால் வர வேண்டும், அதற்கும் இடம் வேண்டும். க்ராப் பாடியில் 85 மி.மீ. வாங்கியவர்கள் வீட்டுக்குள் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கிட் லென்ஸை மாட்டுவது இதனால்தான். மொட்டை மாடி, தோப்பு, கடற்கரை, கோயில் பிராகாரம் என்று திறந்த இடத்தில் எடுப்பவருக்கு அதே 85 அருமையான லென்ஸ். மண்டபத்தில் மேடைக்குக் கீழே நின்று மணமக்கள் முகத்தை மட்டும் எடுக்கவும் அது கைகொடுக்கும்.

எனவே வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கிட் லென்ஸை 50இல் வைத்து, ஜூம் வளையத்தைத் தொடாமல், வழக்கமாக எடுக்கும் இடங்களிலேயே ஒரு வாரம் எடுங்கள். பின்னால் போக இடமில்லாமல் முதுகு சுவரில் இடித்துக்கொண்டே இருந்தால் உங்களுக்கு 50 மி.மீ.யே அதிகம், 35ஐப் பாருங்கள். ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே இருந்தால் 85 உங்களுக்கானது. 55-250 போன்ற ஜூம் இருந்தால் அதை 85இல் வைத்து இதே சோதனையைச் செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இணையத்தில் பத்து மதிப்புரை படிப்பதைவிட இது நிறையச் சொல்லும்.

துளையின் விட்டத்தை அளந்து பாருங்கள்

பின்னணி எவ்வளவு கரையும் என்பதற்கு எஃப் எண்ணைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. லென்ஸின் மி.மீ.யை எஃப் எண்ணால் வகுங்கள். கிடைப்பது துளையின் விட்டம். 85ஐ 1.8ஆல் வகுத்தால் 47 மி.மீ. 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28. கிட் லென்ஸின் 55ஐ 5.6ஆல் வகுத்தால் 10தான். இந்த விட்டத்துக்கு நேரடியான பொருள் ஒன்று இருக்கிறது. வெகு தொலைவில் உள்ள ஒரு விளக்கு, ஃபோகஸில் இருக்கும் முகத்துக்குப் பக்கத்தில் அந்த விட்டத்துக்கு விரிந்த வட்டமாக விழும். 15 செ.மீ. அகலமுள்ள முகத்தின் அருகே, 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில், தூரத்துத் தெருவிளக்கு முகத்தின் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு மிதக்கும். கிட் லென்ஸில் அது ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இருக்கும்.

இந்த வகுத்தலைச் செய்து பார்த்தால் இரண்டு விஷயங்கள் வெளியே வருகின்றன. முதலாவது, உங்கள் பையில் ஏற்கெனவே கிடக்கும் 55-250 ஜூம். 250ஐ 5.6ஆல் வகுத்தால் 45. அதாவது பின்னணி வெகு தூரத்தில் இருக்கிற வயல்வெளியிலோ கடற்கரையிலோ, பகல் வெளிச்சத்தில், அந்த மலிவான ஜூம் 85 எஃப் 1.8க்கு ஏறக்குறைய இணையாகக் கரைக்கும். ஆளிடமிருந்து வெகுதூரம் தள்ளி நிற்க வேண்டியிருக்கும், பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். வெளிச்சம் குறைந்தால் அது தோற்றுப்போகும். ஆனாலும் புது லென்ஸ் வாங்க ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் முதலில் இதை ஒரு மாலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. பின்னணி அருகில் இருந்தால் முழு விட்டமும் கிடைக்காது. நீங்கள் 85 எஃப் 1.8இல், ஆளுக்கு 2 மீட்டர் முன்னால் நிற்கிறீர்கள்; அவருக்கு ஓரடி பின்னால் சுவர். அந்தச் சுவரில் உள்ள ஒரு புள்ளி வெறும் 6 மி.மீ. அளவுக்குத்தான் கலங்கும். லென்ஸை மாற்றி, விலை அதிகமான எஃப் 1.4ஐப் போட்டால் 8 மி.மீ. ஆகும். பழைய எஃப் 1.8ஐயே வைத்துக்கொண்டு, ஆளைச் சுவரிலிருந்து ஆறடி முன்னால் கூட்டி வந்து, நீங்களும் அதே அளவு பின்வாங்கினால்? 22 மி.மீ. ஐந்தடி நகர்வது, எஃப் 1.8இலிருந்து எஃப் 1.4க்குப் போவதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. காலண்டர் மாட்டிய சுவருக்கு முன்னால் ஆளை ஒட்டி நிறுத்திவிட்டுப் பின்னணி கலங்கவில்லை என்று லென்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை.

எஃப் 1.4க்கு எப்போது பணம் கொடுக்கலாம்?

ஃபோகஸில் நிற்கும் ஆழத்தையும் பார்த்துவிடுவோம். க்ராப் பாடியில் தலையும் தோளும் நிரம்பும்படி எஃப் 1.8இல் எடுத்தால், 50 மி.மீ. ஆனாலும் 85 மி.மீ. ஆனாலும், கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. நேராகப் பார்க்கும் முகத்துக்கு அது போதும். இரண்டு கண்ணும் இமையும் உதடும் அடங்கிவிடும். முகத்தைப் பாதி திருப்பினால் தூரத்துக் கண் நாலு, நாலரை செ.மீ. பின்னால் போய்விடும். பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ் வைத்திருந்தால் பின்பக்கம் உங்களுக்கு மிஞ்சுவது 3 செ.மீ.தான். ஆக, தூரத்துக் கண் கலங்கும். அதைக் கூர்மைக்குள் கொண்டுவர எஃப் 2.8 வைக்க வேண்டும். மணமக்கள் இருவரும் சேர்ந்து நின்றால், தலையோடு தலை ஒரே தளத்தில் இல்லாவிட்டால், எஃப் 4. தாத்தா பாட்டியோடு மூன்று வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு இந்த லென்ஸின் பெரிய துளைக்கு வேலையே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், முழுத் துளையில் எடுக்கிற முகப்படங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நல்ல முகப்படக்காரர்களின் கை பெரும்பாலும் எஃப் 2க்கும் 2.8க்கும் இடையில்தான் நிற்கும். எஃப் 1.4 லென்ஸ் எஃப் 1.8ஐவிடக் கூடுதலாகத் தருவது முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவான வெளிச்சம். கைக்கு வரும் எடையோ வேறு: நிக்கானின் 85 எஃப் 1.8ஜி 350 கிராம், எஃப் 1.4ஜி 595 கிராம், சிக்மாவின் 85 எஃப் 1.4 ஆர்ட் 1130 கிராம். முகூர்த்தம் தொடங்கிப் பந்தி முடியும்வரை தோளில் தொங்கும் எடை அது.

இருட்டில் வேலை செய்து அதில் பிழைப்பவர், ஃபிளாஷ் போடாமல் ரிசப்ஷன் முழுவதும் எடுப்பவர், எஃப் 2இலேயே இழைவரை கூர்மை கேட்கிற வாடிக்கையாளர் உள்ளவர் ஆகியோருக்கு எஃப் 1.4 நியாயமான செலவு. கேனானின் 85 எஃப் 1.4எல் ஐ.எஸ். 2017இல் வந்தது, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஏற்பாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய 85 எஃப் 1.2எல் படங்களின் குழைவுக்குப் பேர்போனது, ஆனால் ஃபோகஸ் மெதுவாக நகரும். ஓடுகிற பிள்ளைகளைத் துரத்த அது உதவாது. மற்ற அனைவருக்கும் என் பதில் ஒன்றுதான்: எஃப் 1.8 வாங்குங்கள், மிஞ்சும் பணத்தில் ஒரு ரிஃப்ளெக்டரும் கேமராவுக்கு வெளியே வைத்து எரிக்கக்கூடிய ஃபிளாஷும் வாங்குங்கள். முகத்தில் விழும் வெளிச்சம் மாறுவதுபோல் எந்த எஃப் எண்ணாலும் படம் மாறாது.

கடையில் இருக்கும் பெயர்கள்

க்ராப் பாடி வைத்திருக்கும் கேனான்காரருக்கு முதல் லென்ஸ் ஈஎஃப் 50 எஃப் 1.8 எஸ்டிஎம். 2015இல் வந்தது, எடை 160 கிராம், உலோக மவுண்ட், துளையை அமைக்கும் இதழ்கள் ஏழு. இதற்கு முந்தைய ‘டூ’ மாடல் இன்னும் பழைய சந்தையில் மலிவாகச் சுற்றுகிறது. அதில் இதழ்கள் ஐந்துதான், மவுண்ட் பிளாஸ்டிக். ஒரு ஸ்டாப் மூடியவுடன் மண்டபத்துச் சீரியல் விளக்குகள் எல்லாம் ஐங்கோணமாகும். ஃபோகஸ் மோட்டார் சத்தமும் போடும். விலை வித்தியாசம் சிறியது என்றால் எஸ்டிஎம்மையே எடுங்கள். கேனானின் 50 எஃப் 1.4 யூஎஸ்எம் 1993ஆம் ஆண்டுக்காரர். முன்குழல் நீண்டிருக்கும்போது அடிபட்டால் ஃபோகஸ் சிக்கிக்கொள்ளும் பலவீனம் அதற்கு உண்டு. வாங்கினால் ஹூடைக் கழற்றாமல் வைத்திருங்கள்.

நிக்கான்காரர்கள் ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். 50 எஃப் 1.8 இரண்டு வகையில் கிடைக்கும். ‘டி’ என்று முடிவது பழையது; அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மாட்டினால் படம் எடுக்கலாம், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். டி90, டி7200, டி7500 போன்றவற்றில் மோட்டார் உண்டு. ‘ஜி’ என்று முடியும் ஏஎஃப்-எஸ் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது, எந்தப் பாடியிலும் ஓடும். விலையைப் பார்த்து ‘டி’ வாங்கி வந்து தானாக ஃபோகஸ் ஆகவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களை எந்தக் கடையிலும் பார்க்கலாம். 50 நீளமாகத் தோன்றினால் நிக்கானில் டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி க்ராப் பாடிக்கென்றே செய்தது. சிறிய வீட்டில் குழந்தைகளை எடுக்க அதைவிடப் பொருத்தமான மலிவு லென்ஸ் எனக்குத் தெரியாது. மிக நெருங்கி மட்டும் போகாதீர்கள், மூக்குக் கணக்கு நினைவிருக்கட்டும்.

85இல் இரண்டு நிறுவனங்களின் எஃப் 1.8 லென்ஸ்களும் நல்லவை. நிக்கானுடையது 2012இல் வந்தது, புதியது, முழுத் துளையிலேயே கூர்மை. கேனானுடையது 1992ஆம் ஆண்டு வடிவம். ஃபோகஸ் மின்னல் வேகம், நிறம் இனிமை, ஆனால் முழுத் துளையில் வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் விளிம்பில் ஊதா நிறம் கசியும். கறுத்த கூந்தலில் மல்லிகைச் சரம், வெயில் பட்ட வெள்ளை வேட்டி, தங்க நெற்றிச்சுட்டியின் பளபளப்பு: நம் ஊர்க் கல்யாணப் படத்தில் அந்த விளிம்புகளுக்குப் பஞ்சமே இல்லை. எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் மறையும். மல்லிகைப் பூவை நேர் வெயிலில் எஃப் 1.8இல் எடுத்துப் பார்ப்பதே எந்தப் போர்ட்ரெய்ட் லென்ஸுக்கும் சரியான பரீட்சை. டாம்ரானின் எஸ்பி 85 எஃப் 1.8, 2016இல் வந்தது, நடுக்கம் தணிக்கும் வசதியோடு. ஆனால் அந்த வசதி உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் தணிக்கும். எதிரே இருப்பவர் அசைந்தால் 1/125 நொடிதான் காப்பாற்றும்.

ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர் 135 எஃப் 2ஐயும் பார்க்கலாம். கேனானின் ஈஎஃப் 135 எஃப் 2எல் 1996இல் வந்தது. துளையின் விட்டம் 67 மி.மீ.; அதன் பின்னணி கரைவதைப் பார்த்தவர் மறப்பதில்லை. முழு உருவத்துக்கு இருபத்தைந்து அடி வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நகை, மருதாணி, தாலி என்று நெருங்கி எடுக்க வேண்டிய கல்யாண வேலைக்காரர் 100 மி.மீ. எஃப் 2.8 மாக்ரோவை வாங்கினால் ஒரே லென்ஸில் இரண்டு வேலையும் நடக்கும். துளை 36 மி.மீ., கரைவுக்கும் குறைவில்லை.

கண்ணில் ஃபோகஸ்

டிஎஸ்எல்ஆர் கேமராவில் வியூஃபைண்டர் வழியே பார்க்கும்போது ஃபோகஸைக் கணிப்பது கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உணரி. படத்தைப் பதிவது வேறு சென்சார். இரண்டுக்கும் தூரம் மயிரிழை பிசகினாலும் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்காரும். கிட் லென்ஸின் எஃப் 5.6இல் ஆழம் தாராளமாக இருப்பதால் இந்தப் பிசகு வெளியே தெரிவதில்லை. 6 செ.மீ. ஆழமுள்ள லென்ஸை மாட்டிய அன்றுதான் தெரியவரும். எனவே லென்ஸ் வாங்கும்போது உங்கள் சொந்த பாடியையும் மெமரி கார்டையும் கொண்டு போங்கள். டிரைபாடில் வைத்து, முழுத் துளையில், ஒரு டப்பாவின் எழுத்தை வியூஃபைண்டர் வழியே ஃபோகஸ் செய்து சில படங்கள், பிறகு லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து சில படங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மீண்டும் பிடிக்க வேண்டும். லைவ் வியூவில் சென்சாரே பார்த்து ஃபோகஸ் செய்வதால் அது சரியாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் வாங்கலாம். வியூஃபைண்டர் படங்கள் தொடர்ந்து மங்கலாக இருந்தால் அதே மாடலில் வேறொரு லென்ஸை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேனான் 70டி, 80டி, 6டி, நிக்கான் டி7200 போன்ற கேமராக்களில் இந்தப் பிசகை மெனுவுக்குள்ளேயே திருத்தலாம். 1500டியிலும் டி3500இலும் அந்த வசதி இல்லை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: சிக்மாவின் ஆர்ட் வரிசையும் டாம்ரானின் மேற்சொன்ன 85உம் தனியாக விற்கப்படும் ஒரு டாக் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து லென்ஸுக்குள்ளேயே திருத்திக்கொள்ளக்கூடியவை.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு, கேமராவைத் திருப்பி ஃபிரேமைச் சரிசெய்யும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. 2 மீட்டரில் 8 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் கண்ணைவிட்டு 2 செ.மீ. பின்னால் நகர்ந்துவிடும். மூச்சு விடும்போது உங்கள் உடல் முன்பின் ஆடுவது அதற்கு மேல். கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஓரப்புள்ளியை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். தொடர் ஃபோகஸ் முறையில் மூன்று நான்கு படங்களாக அடுத்தடுத்து எடுங்கள். வியூஃபைண்டரில் தெரிவதை மட்டும் நம்பவும் கூடாது. இப்போதைய ஃபோகஸிங் ஸ்கிரீன்கள் எஃப் 2.8 அளவு ஆழத்தைத்தான் கண்ணுக்குக் காட்டும். எஃப் 1.4இல் எடுக்கும் படம் பார்த்ததைவிட மெல்லிய ஃபோகஸோடு வரும். கேமராவின் பின்திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆளை அனுப்புங்கள்.

உச்சி வெயிலிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 100இல் எஃப் 1.8 வைத்தால் ஷட்டர் 1/8000 நொடி கேட்கும். தொடக்க நிலைக் கேமராக்கள் 1/4000இல் நின்றுவிடும், முகம் வெளுத்துப்போகும். ஃபிளாஷ் போட நினைத்தால் அதன் சாதாரண எல்லை 1/200. வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று போட்டால் 1/4000 சிக்கல் தீரும், ஃபிளாஷின் எல்லைக்கு அது போதாது. அதைவிட நல்லது மரநிழலுக்கோ திண்ணைக்கோ ஆளை அழைத்துப் போவது, வெளிச்சமும் மென்மையாகும்.

பழைய லென்ஸ்

மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறவர்கள் தங்கள் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களை விற்றுவருவதால் பழைய சந்தையில் நல்ல சரக்கு வருகிறது. 85 எஃப் 1.8 போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை, சரிபார்த்து வாங்கினால். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைத்த கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஈரப்பதத்தில் அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸ்கள்தான் முதலில் பலியாகும். வாங்கிய லென்ஸையும் காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, சிறிய ஈரப்பதமானியில் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைத்திருங்கள்.

இரண்டொரு தூசி உள்ளே தெரிந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடினால் வெளிச்சம் தாறுமாறாக வரும். ஃபோகஸ் வளையத்தை முனைக்கு முனை திருப்பிப் பாருங்கள், நடுவில் சொரசொரப்பு இருக்கக் கூடாது. ஹூடையும் கேட்டு வாங்குங்கள். கேனானின் 50, 85 எஃப் 1.8 லென்ஸ்களுக்கு அது தனி விலை. நிக்கானில் கூடவே வரும், விற்பவர் தொலைத்திருந்தால் அதற்கும் விலையில் பேசலாம்.

நீங்களும் பின்னாளில் மிரர்லெஸுக்கு மாறக்கூடும். கேனானின் ஈஎஃப் லென்ஸ்கள் அந்த நிறுவனத்தின் அடாப்டர் வழியே ஆர் வரிசைக் கேமராக்களில் முழு ஆட்டோ ஃபோகஸோடு ஓடும். முன்பின் ஃபோகஸ் பிசகும் அங்கே இருக்காது. நிக்கானில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் அப்படியே வேலை செய்யும். மோட்டார் இல்லாத ‘டி’ லென்ஸ்களுக்கு அந்த அடாப்டரிலும் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. ஆகவே இன்று டி7200 வைத்திருந்து ‘டி’ லென்ஸ் நன்றாக ஓடினாலும், 50 ஆனாலும் 85 ஆனாலும், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ‘ஜி’யை வாங்கிவிடுங்கள்.